ஆறு விரல் கை

கார் சக்கரம் வாய்க்கால் கரைச் சேற்றில் புதைந்து நிற்கிறது. வெயில் தாளாமல் நாவலாசிரியர் சிங்காரவேலு பக்கத்துக் குடிசை வாசலில் தண்ணீர் கேட்கிறார். செவ்வந்தி மோர் கொண்டுவந்து நீட்டுகிறாள். செம்பைப் பிடித்த கையில் ஆறு விரல்கள். கூலிப் போராட்டத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நாவலில், சங்கத்தாரைப் போலீசுக்குக் காட்டிக்கொடுப்பவனுக்கு ஆறு விரல். உண்மையில் காட்டிக்கொடுத்தது யாரென்று அவருக்குத் தெரியாது. கதைக்கு ஒருவன் தேவைப்பட்டான். எப்போதோ சங்கக் கூட்டத்தில் பார்த்த ரெத்தினம் என்ற கூலியாளின் கையை எடுத்துக்கொண்டார். பெயரை மாற்றினார், விரலை மாற்றவில்லை. காட்டிக்கொடுத்தவன் ரெத்தினம்தான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

"ரெத்தினம் மகளாம்மா நீ?"

"ஆமாங்கய்யா. உங்களையும் தெரியும். புத்தகத்துல படம் போட்டிருந்துச்சே."

அவளுக்குப் பின்னால் கூரையில் பூச்சிமருந்து டப்பா செருகியிருக்கிறது. மோரின் மேல் கறிவேப்பிலை ஒன்று மெல்லச் சுழல்கிறது. அவர் கண் டப்பாவுக்கும் செம்புக்குமாகப் போய் வருகிறது. செவ்வந்தி அதைப் பார்த்துவிடுகிறாள். திருநீறு வியர்வையில் கரைந்த முகத்தில் கோபம் இல்லை. அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக் குடித்துவிட்டு, செம்பை மறுபடியும் நீட்டுகிறாள்.

"அந்தப் புத்தகம் வந்த பொறவு, எங்கப்பா கையால ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்கலைங்க. சாகுற வரைக்கும். நீங்களாவது குடிங்க."

அவர் இரண்டு கைகளாலும் செம்பை வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், உதடு வைத்தே குடிக்கிறார்.