படத்திலிருந்த கால்

வக்கீல் பிரிசில்லா அந்தப் படத்தை மேசைமேல் மேக்சின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

முகம் இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு பெண்ணின் இரண்டு கால்கள், பின்னால் கொஞ்சம் கடல்.

வலது காலில் மேக்சின் உருவாக்கிய ஷூ. இடது கால் வெறுங்கால். அதன் ஷூ மூன்றாக மடிந்து அந்தப் பெண்ணின் உள்ளங்கையில் அடங்கியிருந்தது. எங்கே மடிகிறது, எப்படி மடிகிறது என்று சின்னப் பிள்ளைகூடப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

அதுதான் வினை.

காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் வெளியாள் கண்ணில் பட்டுவிட்டால் அது ஊர்ச்சொத்து. சட்டம் அப்படி. மேக்சின் மூன்று வருஷம் வாயைத் திறக்கவில்லை. திரைச்சீலைகளை இழுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தாள். கூடப் பிறந்த அக்காவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள், இப்போது பக்கத்து நாற்காலியில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருக்கும் அவள் புருஷன் ட்ரெவர்தான்.

அவளுக்கு இங்கிலாந்தில், நார்த்தாம்ப்டன் ஊரில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்கக் குதி உயர்ந்த ஷூவில்தான் நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ள, கடையில் விற்கும் மடக்கு ஷூக்களை எல்லாம் வாங்கிப் பார்த்தவள். எல்லாம் அப்பளம். நடு மத்தியில் மடிவதால் பாதத்தின் வளைவைத் தாங்க அதில் ஒன்றும் மிஞ்சாது.

விரல்கள் தானாக வளையும் இடத்தில் ஒரு மடிப்பு, குதிகாலுக்கு முன்னால் இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே விறைப்பாக ஒரு துண்டு. சொன்னால் இவ்வளவுதான். செய்து முடிப்பதற்குள் சாப்பாட்டு மேசை முழுக்கப் பசைக் கறை.

காப்புரிமை கிடைத்தது. ஒரு பெரிய கம்பெனி அதை அப்படியே காப்பியடித்தது. கேட்டதற்கு, உன் ஷூ விண்ணப்பத்துக்கு முன்பே ஊரறிந்த விஷயம், உன் காப்புரிமை செல்லாது என்று பதில் வந்தது, இந்தப் படத்தோடு. விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்னால் யாரோ ஒருத்தி புனைபெயரில் இணையத்தில் போட்டது.

படத்தின் கீழே எழுதியிருந்தாள்: விடிய விடிய ஆடினேன், கால் துளிகூட வலிக்கவில்லை. கடையில் தேடாதீர்கள், எனக்காகவே என் ஆள் தன் கையால் செய்தது.

வெட்கக்கேடு, மேக்சினுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அவள் ஷூவைப் பற்றி வெளியாள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

அடுத்த வரி மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது.

படம் இணையத்தில் ஏறிய அந்தக் கோடையில் ஒரு ஜோடி காணாமல் போயிருந்தது. பழைய துணி மூட்டையோடு, தானமாக வந்த சாமான்களை விற்கும் நன்கொடைக் கடைக்குப் போயிருக்கும் என்று ட்ரெவர்தான் சொன்னான். அவளோடு அந்தக் கடைக்கே வந்து, கூடை கூடையாகக் கிளறித் தேடவும் செய்தான். கிடைக்கவில்லை என்றதும் அவளைவிட அதிகமாக வருத்தப்பட்டான்.

பிரிசில்லா பொறுமையாக விளக்கினார். இது மேக்சினின் கால் என்றால் அவளே வெளியே காட்டியதாக ஆகும், காப்புரிமை போனதுதான். ரகசியம் காக்க வேண்டிய ஒருவர் ஷூவை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்திருந்தால் தப்பிக்க வழி உண்டு. விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் நடந்தது என்பதால் சட்டம் இந்தப் படத்தைக் கண்டுகொள்ளாது. ஆனால் அந்த ஆள் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் வந்து சாட்சி சொல்லவும் வேண்டியிருக்கும்.

இது யாருடைய கால் என்று கேட்டார்.

ட்ரெவர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தான்.

"இதுல என்ன சந்தேகம்? இவ கால்தான். பிரைட்டன் கடற்கரைக்குப் போனப்ப நான்தான் எடுத்தேன். எங்கயும் போட்டுடாத கண்ணு, வம்பாயிடும்னு அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே?"

அவள் பாடுபட்டதை எல்லாம் ஒரே மூச்சில் குப்பையில் கொட்டிவிட்டு, ஆறுதலாக அவள் தோளில் கை வைத்தான். வாய் கூசவில்லை.

மேக்சின் அவன் கையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். குனிந்து இடது காலின் ஷூவையும் காலுறையையும் கழற்றினாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, காலைத் தூக்கி மேசைமேல், படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பெருவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிச் சாய்ந்திருந்தது. அதன் அடியில் எலும்பு கொட்டைப்பாக்கு அளவுக்குப் புடைத்திருந்தது. ஹோட்டல் வேலை கொடுத்த சீதனம். அந்த ஷூவே இந்தப் புடைப்பு வலிக்காமல் இருப்பதற்காகப் பிறந்ததுதான்.

படத்திலிருந்த விரல்கள் வரிசையாக, நேராக, சிவப்புப் பூச்சோடு அழகாக இருந்தன.

இத்தனை வருஷம் கூடவே படுத்து எழுந்தவன், அவள் காலை ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிரிசில்லா படத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். ட்ரெவரை மட்டும் பார்க்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு, ஷூவை எடுத்துக் கொடுத்தவரின் பெயர் என்ன என்று மெதுவாகக் கேட்டார்.

மேக்சின் அவன் முழுப் பெயரைச் சொன்னாள், யாரோ மூன்றாம் மனிதன் பெயரைச் சொல்வதுபோல.

முகவரி?

"இப்போதைக்கு என் வீட்டு விலாசத்தையே போட்டுக்குங்க," என்றாள். "சாயங்காலத்துக்கு மேல அந்தப் பொண்ணைத்தான் கேக்கணும்."