வெண்கலத் தொண்டை

"எத்தனை தடவை சொல்றது? நூலை மாத்து! கருப்பு! கருப்பு!"

தையல் ஹாலுக்குள் காலெடுத்து வைத்த புது ஆபீசரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறுபது மெஷின் இரைச்சலையும் மீறி வந்த குரல் அது. சூப்பர்வைசருக்கு வெண்கலத் தொண்டை என்று சும்மாவா பேர் வைத்திருந்தார்கள்!

திட்டு வாங்கியது காலர் தைக்கிற அக்கா. வீட்டுக்காரர் ரெண்டு வருஷமாய்ப் படுத்த படுக்கை. இவள் சம்பாத்தியத்தில்தான் வீடு நடக்கிறது.

தொழிலாளர் நலம் பார்க்கத்தானே ஆபீசரம்மாவை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்? அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்களை மட்டும்தான் இப்படித் திட்டறாராக்கா? பயப்படாம சொல்லுங்க."

அக்கா சிரித்தாள். "சரிங்கம்மா."

"புகார் எழுதித் தர்றீங்களா?"

"சரிங்கம்மா. எல்லாம் சாமி புண்ணியம்."

ஆபீசரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் காலையில் மணி அடிக்கிறதுக்கு முன்னால் இந்த அக்கா கண்ணை மூடிச் சாமிக்கு நன்றி சொல்வாளாம். எதுக்கு நன்றி, வாங்குகிற திட்டுக்கா?

சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விட்டாள். "இனிமே அந்த அக்காகிட்ட மெதுவாத்தான் பேசணும். இன்னொரு தடவை கத்தினீங்க, மெமோதான்!"

"மேடம், அது வந்து..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல. கிளம்புங்க."

மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

மறுநாள் காலருக்கு வெள்ளை நூல் போட வேண்டியிருந்தது. ஆபீசரம்மா பார்த்துக்கொண்டே நின்றதால், சூப்பர்வைசர் அக்காவிடம் போய்க் குழைந்தார். "வெள்ளை நூல் போடுங்கக்கா." அக்கா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். பழையபடி கருப்பிலேயே தைத்தாள்.

சாயங்காலம் பார்த்தால் இருநூறு காலர் வீண்.

"தப்பு என்னோடதுங்க. நான்தான் சொல்ல மறந்துட்டேன்" என்றார் சூப்பர்வைசர்.

சொன்னதைத்தான் ஆபீசரம்மா கண்ணால் பார்த்தாளே! இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்பது இதுதான் போலிருக்கிறது. மரியாதையாகச் சொன்னால் ஏறாதா இந்த அம்மாவுக்கு?

"அந்த அம்மாவை வேலையை விட்டு நிறுத்தறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்று மேனேஜர் கை கழுவிவிட்டார். ஆபீசரம்மா அன்றைக்கே கடிதத்தை அடித்துவிட்டாள்.

காலையில் கடிதத்தோடு ஹாலுக்கு வந்தபோது இன்னும் மணி அடிக்கவில்லை. மெஷின்கள் ஓடவில்லை. அறுபது பேரும் கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மெஷின் மேல் கை வைத்து, கண்ணை மூடி, மனசுக்குள் வேண்டிக்கொள்வதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஹால் முழுக்கக் கேட்டது.

"சாமி, கை ரெண்டும் நல்லா ஓடுது, நன்றி. அவருக்கு நேத்து ரெண்டு வாய் சாப்பாடு உள்ளே இறங்கிச்சு, நன்றி. காது மந்தமான விஷயம் ஆபீசுக்குத் தெரியாம ஒரு வருஷம் காப்பாத்திட்டே, அதுக்கும் நன்றி."

ஆபீசரம்மா ஹாலைப் பார்த்தாள். சுற்றிலும் ஒருத்தர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"ஒரே ஒரு குறைதான் சாமி. இந்த ஹால்ல என் காதுல விழறது சூப்பர்வைசர் அண்ணன் குரல் ஒண்ணுதான். நேத்து பாவம், அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு போல. வாய் அசையுது, சத்தமே வரல. சீக்கிரம் சரி பண்ணிக் குடுத்துடு."

மணி அடித்தது. சூப்பர்வைசர் குனிந்த தலை நிமிரவில்லை.

ஆபீசரம்மா கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

"என்ன சார், பார்த்துக்கிட்டே நிக்கறீங்க? இன்னிக்கு எந்த நூல்னு அக்காகிட்ட கத்திச் சொல்லுங்க!"