செஜெஸ்தாவில் பெண் பார்க்கும் படலம்

“இந்தச் சிவப்புச் சீலையைக் கட்டு பிள்ளை. வெளியிலை போகேக்கை வடிவாப் போவேணும்” என்றாள் இந்திராதேவி. மகள் கிருசாந்தினிக்கு அப்போதே விளங்கிவிட்டது.

இடிந்து கிடக்கும் கிரேக்கக் கோயில்களைப் பார்க்க யாராவது பட்டுச்சேலையில் போவார்களா? அதுவும் இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்த எட்டு வருடத்தில் தான் வேலை செய்யும் சின்யோராவின் வீட்டையும் மீன்கடையையும் தவிர வேறெங்கும் போகாத அம்மா, தொண்ணூற்றேழு பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று செஜெஸ்தா, செலினுந்தே என்கிறாள்.

“ஆரோடை போறம்?”

“நகுலேஸ்வரன் எண்டு ஒருத்தர். ரயில் ஸ்தாசியோனேக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையிலை குசினி வேலை. மனிசி செத்துக் கன காலம். மகனும் வாறாராம். மரியாதையாக் கதை, நல்ல சனம்.”

மகனும் வாறாராம்! கிருசாந்தினி சேலையை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வயதில், வியா மக்வேதா கடைத்தெருவில் துணிக்கடை வேலை இப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது. அதை விட்டுவிட்டு யாருக்கும் கழுத்தை நீட்ட அவள் தயாராக இல்லை.

வளைவுகளில் தலை சுற்றும் என்று அம்மா முன்சீற்றில் நகுலேஸ்வரனுக்குப் பக்கத்தில் ஏறினாள். பின்சீற்றில் கிருசாந்தினியும் மகன் கஜானனும். நல்ல திட்டம்தான் என்று பல்லைக் கடித்தாள் கிருசாந்தினி.

செஜெஸ்தாக் குன்றில் தூண்கள் மட்டும் வரிசையாக நின்றன. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

“இது என்ன சாமி?”

“தெரியாதாம். கோயிலைக் கட்டி முடிக்கவே இல்லையாம்” என்றார் நகுலேஸ்வரன்.

“கூரையில்லை, சாமியில்லை, ஐயருமில்லை. டிக்கெற் மட்டும் இருக்கு” என்று சொல்லி அம்மா சிரித்தாள். அப்பா இறந்த பிறகு அம்மா இப்படி வாய்விட்டுச் சிரித்ததைக் கிருசாந்தினி கேட்டதில்லை. சம்பந்தம் சரிவந்த மகிழ்ச்சி போலும்.

அவள் கஜானனை ஒரு தூணின் மறைவுக்குக் கூப்பிட்டாள்.

“முதலே சொல்லிப்போடுறன். எனக்குத் தேத்தண்ணி வைக்கவும் தெரியாது. சிகரெற் பத்துவன். நித்திரையிலை குறட்டை விடுவன்.”

“பிரச்சினையில்லை. பின்னேரம் குடிக்காட்டி எனக்குக் கை நடுங்கும். குடிச்சா ஆரெண்டு பாக்காமல் அடிப்பன்.”

கிருசாந்தினி ஓரடி பின்வாங்கினாள். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“சும்மா சொன்னனான். நீங்கள் பயந்து வேண்டாமெண்டு சொல்லுவியளெண்டு பாத்தன். மிலானோவிலை ஒரு பிள்ளையை விரும்புறன்.”

“அட, நானும் சும்மாதான் சொன்னனான்!”

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். மறுப்பைக் கிருசாந்தினி சொல்வது என்று முடிவாயிற்று. கஜானனுக்குத் தகப்பன் என்றால் பயம்.

மத்தியானம் செலினுந்தேயில், கடலைப் பார்த்தபடி விழுந்து கிடந்த கற்களுக்கிடையில் துணி விரித்தார்கள். நகுலேஸ்வரன் தானே அவித்துக் கொண்டுவந்த இடியப்பத்தைப் பரிமாறினார். சொதியை ஊற்றும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நீர் கலியாணம் முடிச்சுப் போனா, அம்மா தனியத்தானே இருப்பா?”

மாமனார் ஆவதற்கு முன்னமே அம்மாவைப் பாரமென்று நினைக்கிறார்! கிருசாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏன் தனிய? அம்மா எப்பவும் என்னோடைதான் இருப்பா. ஒருத்தரிட்டையும் விடமாட்டன்.”

அவர் முகம் வாடிப்போயிற்று. இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று கிருசாந்தினி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அங்கிள், அம்மா, ரெண்டு பேரும் கேளுங்கோ. இந்தக் கலியாணத்துக்கு எனக்கு விருப்பமில்லை.”

அம்மாவின் கை சாப்பாட்டுக் கோப்பையிலேயே நின்றுவிட்டது. நகுலேஸ்வரன் சொதிப் பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

“பிள்ளைக்கு விருப்பமில்லையெண்டா, இத்தோடை விடுவம்” என்று கடலைப் பார்த்துச் சொன்னார்.

அம்மாவின் கண்கள் நிரம்பிவிட்டன. கிருசாந்தினிக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. ஆனால் தூணுக்குப் பின்னால் கொடுத்த வாக்கு இருக்கிறதே.

“அழாதேங்கோ அம்மா. இந்தக் காலத்திலை மற்ற ஆக்கள் பேசி முடிக்கிறதெல்லாம் சரிவராது. தனக்குப் பிடிச்ச ஆளைத் தான்தான் பாத்துக் கட்டவேணும். சனம் என்ன கதைக்கும் எண்டு பயப்பிடவே கூடாது.”

“ஓம், ஓம்” என்று கஜானன் பலமாகத் தலையாட்டினான்.

அம்மா மகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் முதலில் குழப்பம் தெரிந்தது, பிறகு அது மெல்லத் தெளிந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மனசறிஞ்சுதான் சொல்லுறியோ?”

“ஓம். சத்தியமா.”

“பிறகு பேச்சு மாறமாட்டியே?”

“மாறவேமாட்டன்!”

அம்மா இன்னும் இரண்டு இடியப்பத்தை எடுத்து நகுலேஸ்வரனின் கோப்பையில் வைத்தாள். அவர் தலை நிமிரவில்லை, காதுமடல் மட்டும் சிவந்தது.

“கலியாணப் பொம்பிளை நீயில்லைப் பிள்ளை. நான்.”