சேனை வைத்தவர்

அறையில் இருந்தவர்கள்: பிள்ளை பெற்ற பூமயில், அவள் அப்பா வன்னியப்பெருமாள், ஒவ்வாமை ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ரெஜினா, அப்போதுதான் பிறந்த பேரன்.

அந்தக் குடும்பத்தில் பிள்ளையின் நாக்கில் சேனை வைப்பது மூத்தவர்தான். வன்னியப்பெருமாள் சர்க்கரைத் தண்ணீரைத் தன் வாயில் வைத்து விரலில் தொட்டபோது டாக்டர் தடுத்தார்.

"உங்க எச்சில்ல, ஒவ்வாமை வராம காக்குற நல்ல கிருமி ஒண்ணுகூட மிச்சமில்லங்கய்யா. வாய் கொப்பளிக்கிற மருந்து ஊத்தியே கழுவிட்டீங்க. மாட்டுத்தொழுவத்துல புழங்குற சொந்தம் யாராச்சும் இருக்காங்களா? சாயங்காலத்துக்குள்ள வைக்கணும்."

"சித்தப்பாவக் கூப்பிடுங்கப்பா," என்றாள் பூமயில். "என் மூத்தவளுக்குச் சொட்டுப் பால் பட்டாலே தொண்டை அடைக்கி. இவனையும் அப்படி விட்ருவீகளா?"

பாகப்பிரிவினையன்று, தம்பி அய்யாத்துரையின் நிழல்கூடத் தன் வாசலில் விழக் கூடாது என்று ஊர் நடுவே சொன்னவர் வன்னியப்பெருமாள். பேரன் வாயைத் திறந்து திறந்து எதையோ தேடினான்.

அவர் போனை எடுத்தார்.

"ஏலே, அண்ணன் பேசுதேன். பேரனுக்குச் சேனை வைக்கணும். குளிக்காம வா. வாயும் கொப்பளிச்சிராத."

தம்பி வலிய வந்து அண்ணன் காலில் விழுந்ததாக ஊரில் பேசுகிறார்கள். பொய். யாரும் யார் காலிலும் விழவில்லை. அண்ணன் கூப்பிட்டார், தம்பி சாணி வாடையோடு வந்தார்.