பூப்போட்ட நைட்டி

கரண்டியைப் பார்த்ததும் ஜெபமாலை உபதேசியார் மறுபடியும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கஞ்சி தாடையில் வழிந்து கழுத்துச் சுருக்கத்தில் இறங்கியது. மகன் ஜெரோம் துண்டால் துடைத்தார்.

“அப்பா, ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன். ஒரே ஒரு வாய்.”

அப்பா, வீட்டுக்குள் புகுந்த எவனையோ பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்.

மனைவி ஞானமணி இறந்துபோனதிலிருந்தே அப்பாவின் சாப்பாடு குறைந்துகொண்டுதான் வந்தது. முந்தாநாளோடு சுத்தமாக நின்றுவிட்டது. இன்றைக்கும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டும், இந்த வயதில் அதைத் தாங்குவாரா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

ஞானமணி ஊட்டினால் மட்டும் கிண்ணம் காலியாகும். பெற்ற மகனையே மறந்த மனிதர், மருமகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் தானாக வாயைத் திறப்பார். அவரைக் குளிப்பாட்டியதும் பீ மூத்திரம் அள்ளியதும் அவள்தான். கோயில் மணி அடிக்கப் போகிறேன் என்று நடுச்சாமத்தில் கிளம்புகிறவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து படுக்க வைத்ததும் அவள்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஜெரோம் விடியுமுன் போனால் இருட்டித்தான் திரும்புவார். வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டால், மாமா இன்னைக்குச் சமத்து என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது.

போன மாதம் ஒரு மத்தியானம், அப்பாவின் போர்வையை அலசிக்கொண்டிருந்தவள் துவைக்கிற கல்லிலேயே சாய்ந்துவிட்டாள். மாரடைப்பு என்றார்கள். இதற்கு முன் நெஞ்சுவலி ஏதும் இருந்ததா என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்று ஜெரோம் அடித்துச் சொன்னார்.

புண்ணியவதி, வலி தெரியாமல் போய்விட்டாள் என்று ஊரே சொன்னது. அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர் இத்தனை நாளும் தூங்கினார்.

அடுத்த அறையில் மகள் பிரின்சி, அம்மாவின் சேலைகளை மடித்துக் கட்டைப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்ததும் துணிமணிகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஜெரோம் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து அங்கே போனார். கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்த மஞ்சள் பூப்போட்ட நைட்டி தொங்கியது. துவைக்க மனசு வராமல் பிரின்சி அதை மட்டும் விட்டுவைத்திருந்தாள்.

எடுத்து முகத்தில் வைத்தார். தைல வாடை குப்பென்று வந்தது.

கடைசி ஒரு வருஷமாக ஞானமணி என்றாலே தைல வாடைதான். இது வீடா மருந்துக்கடையா என்று ஜெரோம் கிண்டல் செய்வார். தலைவலி என்று சொல்லிச் சிரிப்பாள். நைட்டியின் இடது தோளில் தைலம் ஊறி ஊறித் துணி கறுத்திருந்தது.

“அது எதுக்குப்பா?” என்றாள் பிரின்சி.

ஜெரோம் அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்பாவின் அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினார். சட்டையைக் கழற்றிப்போட்டு நைட்டியைத் தலைவழியாக மாட்டினார். தோளில் சிக்கி, இழுத்ததில் அக்குள் தையல் விட்டது. முட்டிக்குக் கீழே அவருடைய முடி மண்டிய கால்கள் அப்படியே தெரிந்தன. மீசையை என்ன செய்வது என்று ஒரு கணம் யோசித்தார். யாராவது பார்த்தால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அப்பா பிழைத்தால் போதும்.

கட்டிலில் உட்கார்ந்து, அவள் செய்வதுபோலவே அப்பாவின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். இனி அவள் கூப்பிடுவதுபோலக் கூப்பிட வேண்டும். பெற்ற தகப்பனை அப்படிக் கூப்பிட நாக்கு புரளவில்லை.

“மாமா, ஆ காட்டுங்க.”

அப்பாவின் மூக்கு விடைத்தது. நைட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி இழுத்து மூச்சுவிட்டார். மீசையைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

வாய் திறந்தது.

ஒரு கரண்டியை விழுங்கினார். இன்னொன்றையும் விழுங்கினார். மாதாவே, மாதாவே என்று ஜெரோம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஊட்டினார். அவசரத்தில் பாதிக் கஞ்சி மடியில் சிந்தியது. சின்னப் பிள்ளைபோல அவருக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது. இனிமேல் தினமும் இதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்றால் உட்காரலாம்.

கிண்ணத்தில் ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது.

அப்பா கையை நீட்டினார். நைட்டியின் இடது தோளைத் தடவித் தேடிப் பிடித்து, அங்கிருந்து முழங்கை வரைக்கும் மெதுவாக நீவிவிட்டார். ரொம்ப நாள் பழகிய கை அது. பிறகு சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“வலி கொறஞ்சிருக்கா ஆத்தா? நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குன்னு அழுதியே.”

ஜெரோமின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

“நீ சொன்ன மாதிரியே ஜெரோமுகிட்ட நான் மூச்சு விடல.”

கடைசி வாய்க் கஞ்சி கரண்டியில் ஆறிக்கொண்டிருந்தது. அப்பா வாயைத் திறக்காமல் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“கொறஞ்சிருச்சு மாமா” என்றார் ஜெரோம்.