ஆளில்லாமல் ஓடிய கம்ப்யூட்டர்

“துணி தொவைச்சித் தொவைச்சி உன் விரலெல்லாம் வெளுத்துப்போச்சி. வாஷிங் மிஷினுக்குச் சேத்த துட்டுல உன் வூட்டுக்காரரு வெளாட்டுச் சாமான் வாங்கிகினு வந்துகீறாரு!”

மருமகனிடம் நேரே பேசும் வழக்கம் புஷ்பவல்லிக்கு இல்லை. சொல்ல வேண்டியதை மகள் வினிதாவிடம் சொல்வாள். அது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

மருமகன் வெற்றி தரையில் பெட்ஷீட்டை விரித்து, கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தான். பழைய கிராபிக்ஸ் கார்டை உருவிவிட்டு, செங்கல் அளவில் இருந்த புதியதை அதே இடத்தில் வைத்து, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினான். வயரைச் செருகினான். ஆன் செய்ததும் கார்டின் மூன்று விசிறிகளும் சுற்றின.

“ஷிப்டுக்குக் கிளம்பறேன் வினி. இது ஓடிகினே இருக்கட்டும். யாரும் ஆஃப் பண்ணாதீங்க.”

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் அவனுக்கு வேலை.

அவன் தலை மறைந்ததும் புஷ்பவல்லி ஆரம்பித்தாள். “வெளாடுற ஆளு வேலைக்குப் பூட்டாரு. இது யார்கூடடி வெளாடிகினு கீது?”

கொஞ்ச நாளாகவே அவளுக்கு எதைக் கண்டாலும் எரிச்சல். முப்பது வருடம் காசிமேட்டில் மீன் வெட்டியவள். ஒரு வருடமாக வலது கை நடுங்குகிறது. போன மாதம் வஞ்சிரத்தோடு விரலும் வெட்டுப்பட்டது. “கட்டுப்படுத்த மாத்திரை இருக்கு. முழுசா குணமாக்க இன்னும் மருந்து வரலம்மா” என்றார் டாக்டர். மறுபடி அரிவாள்மணை முன்னால் உட்காருவோமா என்பதுதான் எந்நேரமும் அவள் நினைப்பு.

மதியத்துக்குள் கம்ப்யூட்டரின் சூட்டில் அறை அடுப்படி மாதிரி கொதித்தது. புஷ்பவல்லி சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

“இரும்மா!” வினிதா ஓடிவந்து மானிட்டரைப் போட்டாள். “இன்னா ஓடுதுன்னு பாத்துட்டு அப்பறம் திட்டு.”

திரையில் விளையாட்டு எதுவும் இல்லை. கறுப்புப் பின்னணியில், வண்ண மணிகள் கோத்த ஒரு நீளமான சரம். அது நெளிந்தது, சுருண்டது, தன்னைத்தானே மடித்துக்கொண்டது.

“சிக்கு உழுந்த வலை மாதிரி கீதே...” நீட்டிய கை அப்படியே நின்றது. “யாரும் தொடாம அதுவா மடியுது பாரேன்!”

வினிதா கணவனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அது வெளாட்டு இல்ல வினி. நம்ம உடம்புக்குள்ள இருக்கிற புரதம். நூல் மாதிரி. அது சரியா மடியணும். தப்பா மடிஞ்சா நோய் வரும். எந்த இடத்துல தப்பாவுதுன்னு கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டருக்கு நூறு வருசம் ஆவும். அதனால விஞ்ஞானிங்க வேலையைத் துண்டு துண்டாக்கி, இஷ்டப்படுறவங்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கெல்லாம் அனுப்புறாங்க. பழைய கார்டுல ஒரு துண்டு முடிக்க பத்து நாள். இதுல அரை நாள்.”

“எத்தினி வூட்டுக்குன்னு கேளுடி.”

“ஆயிரக்கணக்கான வீடு அத்த. ஜப்பான், பிரேசில், அமெரிக்கா...”

“காசிமேடு” என்று முடித்தாள் புஷ்பவல்லி. அவள் குரல் இவ்வளவு தாழ்ந்து வினிதா கேட்டதே இல்லை.

“எந்த நோய்க்குங்க?” என்றாள் வினிதா.

வெற்றி யார்டு லாரிகளின் இரைச்சலை மீறிப் பேசினான்.

“பக்கத்துல லிஸ்ட் இருக்கு பாரு. எதுக்கு ஓடணும்னு நாமளே டிக் பண்ணலாம். நான் முதல் வரியைப் பண்ணியிருக்கேன். மருந்து எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. வீணா ஆசை காட்டக் கூடாதுன்னுதான் சொல்லல.”

ஆங்கிலத்தில் இருந்ததை வினிதா தமிழில் படித்தாள். “முதல் வரி... கை நடுக்கம். ரெண்டாவது, ஞாபக மறதி. மூணாவது, கொழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புத்துநோய். நாலாவது...”

புஷ்பவல்லி தன் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து, கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தாள்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்த வெற்றி திரையைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

“யாரு இதுல கை வச்சது? முதல் வரியில டிக்கைக் காணோம். காலையிலேர்ந்து வேற எதுக்கோ ஓடியிருக்கு!”

வினிதாவுக்குப் புரிந்துவிட்டது. “ஏம்மா, நீதானே? உனுக்காகத்தானே அவரு இதை வாங்கிகினு வந்தாரு! தெரியாத பொருளை எதுக்கு நோண்டிக் கெடுக்கிற?”

“நான் இன்னாத்தடி கெடுத்தேன்? தெரிஞ்சிதான் அமுக்கினேன். மேலேர்ந்து மூணாவது. இந்தக் கையால நாலு தபா தப்பாப் பூடுச்சி. அஞ்சாவது தபாதான் உழுந்துச்சி.”

வெற்றி மூன்றாவது வரியைப் பார்த்தான். பிறகு அத்தையைப் பார்த்தான்.

புஷ்பவல்லி, ஆடிக்கொண்டிருந்த வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரியில டோக்கனுக்கு நிக்கறப்போ பாத்துகினுதானே கீறேன், கொழந்தைங்க மொட்டத் தலையோட அம்மா மடியில சாஞ்சிகினு... எனுக்கு அறுவது வருசம் ஆடாத கை இருந்துச்சி. அதுங்களுக்கு அறுவது மாசம்கூட முடியல. மொதல்ல அதுங்க வேலைய முடிச்சிட்டு, அப்பால என்கிட்ட வரச் சொல்லுடி உன் வூட்டுக்காரர!”