மூக்கில் வெட்டுள்ள ராஜா

பழங்காசு வியாபாரியின் தட்டில் ஸ்பானிய வெள்ளிக்காசு ஒன்று கிடந்தது. அதிலிருந்த ராஜாவின் மூக்கில் ஒரு வெட்டு.

"கப்பல் மூழ்கியபோது நங்கூரச் சங்கிலி உரசிவிட்டது" என்று பக்கத்திலிருந்த பூதக்கண்ணாடியிடம் அது பெருமையடித்துக்கொண்டிருந்தது.

வியாபாரி இன்னொரு காசைக் கொண்டுவந்து அருகில் வைத்தார். அதே ராஜா. மூக்கில் அதே இடத்தில் அதே வெட்டு.

"திருட்டுப் பயலே, என் காயம் உனக்கு எப்படி வந்தது?" என்று கத்தியது முதல் காசு.

"அதையேதான் நானும் கேட்கிறேன். சங்கிலி உரசியபோது வலித்தது எனக்கு" என்றது இரண்டாவது.

"ஒரே காயம் இரண்டு பேருக்கு வராது" என்றது பூதக்கண்ணாடி. "ஒருவரை வைத்து அச்செடுத்து மற்றவரை வார்த்திருக்கிறார்கள். வார்த்த காசுக்கு, அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு இருக்கும்."

வியாபாரி பூதக்கண்ணாடியைப் பிடித்து இரண்டு விளிம்பையும் பார்த்தார்.

"யாருக்குக் கோடு?" என்றது முதல் காசு.

"இரண்டு பேருக்கும்" என்றது பூதக்கண்ணாடி.

"அப்படியானால் கடலில் விழுந்தது யார்? அந்தக் குளிர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதே!" என்றது முதல் காசு.

வியாபாரி பையிலிருந்து மூன்றாவது காசை எடுத்து வைத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அது தானாகவே ஆரம்பித்தது:

"கப்பல் மூழ்கியபோது..."